மாசிமகத்து உப்புநீர்

செங்கத்துச் சீமையில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே நட்ட கல்லொன்றில் ஒரு நாயின் பெயர் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். மகேந்திரவர்ம பல்லவன் ஆண்ட நாளில், மந்தை காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டு வீழ்ந்தான். அவன் வளர்த்த நாய் கள்ளரைக் கடித்து, அவன் கிடந்த இடம் விட்டு அகலாது காத்து நின்றது. ஊரார் வீரனுக்குக் கல் எடுத்தார்கள். அவன் அருகில் நாயையும் செதுக்கினார்கள். அதோடு அமையாமல், அரசன் பெயரும் ஆட்சியாண்டும் எழுதிய அதே வட்டெழுத்தில், அந்த வாயில்லாச் சீவன் செய்த காரியத்தையும் அதன் பெயரையும் எழுதிவைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு மழை பெய்து வடிந்துவிட்டது. கோவிவன் இன்னும் காத்து நிற்கிறது.

எந்தாய், உன் பெயரை நான் எங்கே தேடுவேன்?

ஜவ்வாது மலையைச் சுற்றிய நிலம் செத்தவரை மறக்கத் தெரியாத நிலம். நன்னன் ஆண்ட செங்கண்மா இதுதான். அவனைக் காணப் போகும் கூத்தருக்கு வழி சொன்ன பெருங்கௌசிகனார், மலைவழியில் பெயரெழுதி நட்ட கற்கள் எதிர்ப்படும், அவற்றை இசையால் வாழ்த்திவிட்டு நடங்கள் என்று மலைபடுகடாத்தில் சொல்லிவைத்தார். அத்தகைய கற்களில் எத்தனையோ இன்று வேடியப்பன் ஆகி, புளியமரத்தடியில் பொங்கல் வாங்குகின்றன. இரா. நாகசாமி பதிப்பித்து 1972-இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால் கல்லெல்லாம் ஒரே முறையில் பேசும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பத்துப் பன்னிரண்டு சொல். அதற்குள் ஒரு வாழ்வு அடங்கிவிடுகிறது. அந்தப் பத்துச் சொல்லைத்தான் உனக்காகப் பதினோரு ஆண்டு தேடினேன்.

செய்யாறு இந்த மலையில் பிறந்து, நம் ஊரை ஒட்டித்தான் செங்கத்துக்கு இறங்குகிறது. கோடையில் முழங்கால் நனையாத ஆறு. அந்த ஆற்றையன்றிப் பெருநீர் கண்டறியாத ஊரிலிருந்து, 1941-இல், மீசை அரும்பும் முன்னே, இல்லாத வயதைச் சொல்லி நீ கடற்படையில் சேர்ந்தாய். போர் தொடங்கியபோது ராயல் இந்தியக் கடற்படையில் இரண்டாயிரம் மாலுமிகள்கூட இல்லை. முடிந்தபோது முப்பதாயிரத்தை நெருங்கிவிட்டார்கள். பஞ்சாபிலும் கொங்கணத்திலும் ஆள் எடுத்துப் பழகியவர்கள், போர் நெருக்கியதும் தெற்கே வந்தார்கள். வானம் பொய்த்த கொல்லையும் தீராத கடனும் உள்ள வீடுகளிலிருந்து பிள்ளைகள் புறப்பட்டுப் போனார்கள். சாமை விதைத்த கையோடு நீயும் போனாய்.

1946-இல் திரும்பி வந்தாய். ஒரு தகரப் பெட்டியும் மடித்த கம்பளியும் உன்னோடு வந்தன. போகும் முன் கிணற்றடியில் நின்று உரக்கப் பாடுவாயாம். வந்தபின் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். அத்தை சொன்னாள். ஊர் உனக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்தது. கப்பலைப் பற்றி நீ ஊருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டில் உன் பிள்ளைகளுக்கு வாய்த்தது ஒரே வாக்கியம்: “கராச்சியில ஒட்டகம் வண்டி இழுக்கும்.” அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் சிரிப்போம். நீயும் சற்றுப் புன்னகைப்பாய். அதற்கு மேல் கதவு திறக்காது.

வாய் சொல்லாததை உன் கை சொல்லிற்று. மாட்டுக்குத் தும்பு கட்டும்போது நீ போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். ஒரு சுண்டலில் அவிழும். மேய்க்கும் பிள்ளைகள் உன்னிடம் கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் அவர்களிடம் கற்றார்கள். ‘கப்பக்கார முடிச்சு’ என்று இன்றும் அதற்குப் பெயர். உன்னைக் கண்டறியாத சிறுவன் ஒருவன் போன தையில் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். அவன் விரல் மடிந்த விதம் உன் விரல் மடிந்த விதம். நான் முந்தானையை முகத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

மாசிமகத்தன்று ஊர் முழுதும் ஆற்றுக்குப் போகும். சாமியைத் தோளில் எடுத்துப் போய், மணலில் ஊற்றுத் தோண்டித் தீர்த்தமாட்டுவார்கள். மேளமும் வெடியும் கிழக்கே போக, நீ மட்டும் மேற்கே மலை ஏறுவாய். கையில் பித்தளைச் சொம்பு. சொம்பில் கல்லுப்புக் கரைத்த நீர். நம் கொல்லை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் முழங்கை உயரக் கல் ஒன்று நின்றது. எல்லைக்கல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அதன் தலையில் அந்த நீரை ஊற்றுவாய். சூடமில்லை, தேங்காயில்லை. பிறகு கைகளைப் பின்னே கட்டி, கால்களை அகற்றி, ஆடும் தளத்தில் நிற்பவன்போல நிற்பாய்.

ஏழெட்டு வயதில் ஒருமுறை உன்னைத் தொடர்ந்து வந்தேன். கல்லில் எழுத்து உண்டா என்று தடவிப் பார்த்தேன். எழுத்தில்லை. உப்புப் பூத்திருந்தது. விரலில் எடுத்து நாவில் வைத்தேன். நீ திட்டவில்லை. “போதும், வா” என்றாய்.

நடுகல் எடுக்கும் முறைகளை வகுத்த தொல்காப்பியர், தேர்ந்தெடுத்த கல்லை நீராட்டும் நிலையை நீர்ப்படை என்றார். கல்லைக் காண்பது, கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டு வாழ்த்துவது என்று அம்முறை நடக்கும். கல்லூரியில் புறத்திணை நடத்திய அன்று, நீர்ப்படை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உப்புக் கரித்தது. அப்போதே வந்து உன்னைக் கேட்டிருக்க வேண்டும்: யாருக்கு இந்தக் கல், நைனா? உன்னோடு நின்றவன் எவன்? எந்த நீரில் போனான்? பதினெட்டு வயதில் எனக்கு வேறு அவசரங்கள் இருந்தன. நீ இருப்பாய், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

சொம்பின் கதை இன்னும் கொடிது. அத்தை தான் சாகும் முன் அதைச் சொன்னாள். உன் தகரப் பெட்டியில் அறுமுனை வெண்கல விண்மீன் ஒன்று நிறநாடாவோடு கிடந்ததாம். போரில் பணியாற்றியவர்க்கு அளித்த பதக்கம். அண்ணன் அதை நாயின் கழுத்தில் கட்டி விளையாடியிருக்கிறான். மழை பொய்த்த ஓர் ஆண்டில் பாத்திரக்காரன் தெருவில் வந்தபோது, உடைந்த குத்துவிளக்கோடும் ஓட்டைக் குடத்தோடும் அம்மா அதையும் எடைக்குப் போட்டு இந்தச் சொம்பை வாங்கினாள். மாலையில் நீ வந்து பெட்டியைத் திறந்தாய். மூடினாய். ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த மாசிமகத்துக்கு, அதுவரை கொண்டுபோன மண்கலயத்தை மாடத்தில் வைத்துவிட்டு, அந்தச் சொம்பை எடுத்துக்கொண்டு மலையேறினாய். அம்மாவை நான் குறை சொல்லேன். நான்கு பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்க்கக் கலம் வேண்டியிருந்தது. அது இன்னதென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

1988-இல், ஐப்பசி அடைமழையில், நீ பாயில் விழுந்தாய். ஏழாம் நாள் காய்ச்சலில் “ஜம்னா, ஜம்னா” என்றாய். “ஜம்னாவுக்குப் போவணும். நேரமாச்சு. மேல ஏறணும்” என்று எழ முயன்றாய். எங்களுக்குத் தெரிந்த ஜமுனா ஒன்றே: மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர். இளமையில் அங்கே சாமை வாங்கப் போன நினைவென்று எண்ணினோம். கடைசி ஆசை என்று அம்மா அழுதாள். மழை விட்டதும் உன்னைக் கம்பளியில் சுற்றி, போளூர் வழியே மலைப் பேருந்தில் ஏற்றினோம். வளைவுக்கு வளைவு உன் தலை என் மடியில் உருண்டது. ஜமுனாமரத்தூரில் இறக்கி, “நைனா, ஜமுனா வந்துட்டோம், பாரு” என்றேன்.

கண் திறந்தாய். பள்ளத்தாக்கு முழுதும் வெண்மஞ்சு நிரம்பி, கரை தெரியாமல் அசைந்துகொண்டிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தாய். உன் முகத்தில் ஏதோ வந்தது, வந்து வடிந்தது. “இது இல்ல” என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுகிறவன்போல, “பரவால்ல” என்றாய். நான்காம் நாள் போய்விட்டாய்.

அதே மலையில், காவலூரில், 1986 முதல் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி, எந்தக் காலத்திலோ புறப்பட்ட விண்மீன் ஒளிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. என் மடியில் கிடந்தவனின் ஐந்தாண்டுக்குக் கணக்கு எழுதிய ஏடு என் கைக்கு வரவில்லை.

ஜம்னா ஒரு கப்பல் என்று நான் அறியப் பதினாறு ஆண்டாயிற்று. இந்தியக் கடற்படையின் போர் வரலாற்றை காலின்ஸ் எழுதி 1964-இல் வெளிவந்த நூலை ஒரு நூலகத்தில் வேறெதற்கோ எடுத்தேன். பக்கம் புரண்டது, அந்தப் பெயர் நின்றது. எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் துறையில் கட்டி, நீ படையில் சேர்ந்த அதே 1941-இல் பணியேற்ற போர்க்கப்பல் அது. யமுனையின் பெயரை ஆங்கிலேயன் வாயில் போட்டு ஜம்னா ஆக்கினான். 1942-இன் தொடக்கத்தில் ஜாவாக் கடலில் ஜப்பானிய விமானங்களின் கீழே கப்பல் அணிகளைக் காத்துச் சென்றது. 1943 ஜூலையில் சட்லெஜ் என்னும் துணைக்கப்பலோடு சிசிலித் தீவின் படையிறக்கத்தில் நின்றது. 1945 ஜனவரியில், நர்படாவோடு அரக்கான் கரைக்குப் போய், சேற்றுக் கழிகளின் வாயில் பீரங்கி முழக்கிற்று.

மேலே ஏறணும் என்றாயே, அது கயிற்றேணியோ? நேரமாச்சு என்றாயே, அது காவல் மாற்றும் நேரமோ? கீழ்த்தளத்தில் உறங்கிக் கிடந்த பத்தொன்பது வயதுப் பையனை மணியோசை எழுப்பியிருக்கிறது. அவன் எழுந்து தன் இடத்துக்குப் போக நினைத்திருக்கிறான். அவனைக் கப்பலுக்கு அனுப்பாமல் மலைக்குக் கொண்டுபோனேன்.

அன்று தொடங்கிய தேடல். கரையான் மேய்ந்த விலகல் சீட்டின் இடப்பாதியே பெட்டியில் எஞ்சியிருந்தது. ஆண்டு 1946 என்பது தெரிந்தது. படை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தெரிந்தது. மற்றவை பூச்சியின் வயிற்றில். எண் இருந்தால் ஏடு கிடைக்கும், எண் இல்லாவிடில் பெயர் வேண்டும் என்றார்கள் கடற்படை அலுவலகத்தார். பெயர் என்றால் எந்தப் பெயர்? நம்மூரில் ஒருவனுக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரின் தலையெழுத்துமே உண்டு. ஆள் சேர்த்த எழுத்தர் குடும்பப் பெயர் கேட்டிருப்பார். நீ தகப்பன் பெயரைச் சொன்னாயோ, ஊரைச் சொன்னாயோ, சாதியைச் சொன்னாயோ. சொன்னதை அவர் தம் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ழகரம் உள்ள பெயர் உனக்கு. அது எத்தனை உருவம் எடுக்கும் என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன், பதினேழு வந்தது. பதினேழையும் எழுதி மனுப் போட்டேன். அத்தகைய பெயரில் பதிவு கிடைக்கவில்லை என்று ஒற்றைவரி மறுமொழி வந்தது. அதை எழுதிய கையை நான் நோகேன். பதினேழு பெயருள்ள ஒருவனை அவர் எந்த அறையில் தேடுவார்?

நாடு இரண்டானபோது கடற்படையும் இரண்டாயிற்று. கராச்சியில் மாலுமிகள் பயின்ற பகதூர், இமாலயா நிலையங்கள் அயல்நாட்டில் நின்றுவிட்டன. கப்பல்களையும் பங்கு வைத்தார்கள். நம்மூர்ப் பங்காளிச் சண்டையில் கிணற்றையும் மாட்டையும் பங்கு வைப்பதுபோல, ஆறுகளைப் பங்கு வைத்தார்கள். காவேரியும் கிருஷ்ணாவும் சட்லெஜும் ஜம்னாவும் இந்தியாவுக்கு. நர்படாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்குப் போய், ஜீலம் என்றும் சிந்து என்றும் பெயர் மாறின. கோதாவரியில் பணிபுரிந்த ஆந்திரத்துப் பிள்ளையின் நினைவு எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கும்? ஒட்டக வண்டிகள் போன தெருவில் உன் முதல் கையெழுத்து எந்த ஏட்டில் உறங்குகிறது?

ஏடு மறுத்தபின் நிலவைக் கேட்டேன். நீ மாசிமகத்தைத் தேர்ந்தது தற்செயலாகாது என்று பட்டது. பழைய பஞ்சாங்கங்களை எடுத்துவைத்துக் கணக்கிட்டேன். 1942 மார்ச் 1 அன்று, அந்தமானின் மக்பர்சன் நீரிணையில், சோஃபி மேரி என்னும் சிறு கண்ணிவாரிக் கப்பல் கடற்கண்ணியில் மோதி மூழ்கிற்று. விருந்தாளியாக வந்ததுபோலப் பெயர். நம் படையில் பணிபுரிந்த கப்பல். மூன்று வாரத்தில் அந்தமானே ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அந்த மார்ச் 1 மாசி மாதம்; பௌர்ணமிக்கு முந்தின நாள்; கரையூர்களில் மாசிமகத்துக்குப் பந்தல் போட்டிருந்த நாள். என் கை நடுங்கிற்று. கண்டுகொண்டேன் என்று எண்ணினேன்.

பிறகு மற்றொரு மாசி எதிரே வந்து நின்றது. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் தல்வார் என்னும் செய்தித்தொடர்புப் பள்ளியின் மாலுமிகள் உண்ண மறுத்து எழுந்தார்கள். புழுத்த உணவும், கறுப்பன் என்ற ஏச்சும், போர் முடிந்தும் முடியாத அடிமைத்தனமும் அவர்களை எழுப்பின. ஐந்தாறு நாளில் 78 கப்பலும், 20 கரைநிலையமும், இருபதாயிரம் பேரும் அதில் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்த அடையாறு நிலையமும் சேர்ந்தது. பம்பாய்த் தெருக்களில் அவர்களுக்காக வந்த பொதுமக்கள் இருநூறு பேருக்கு மேல் குண்டுபட்டு மாண்டார்கள். 23-ஆம் நாள் தலைவர்கள் சொல்கேட்டு மாலுமிகள் பணிந்தார்கள். 476 பேர் விலக்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பின்னும் இரு நாட்டுக் கடற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. அந்தப் பிப்ரவரி 18 எந்த நாள்? மாசிப் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள்.

இரண்டு மாசி, இரண்டும் நிறைநிலவை ஒட்டியவை. கல் எதற்கு நட்டாய்? அந்தமான் நீரிணையில் போன தோழனுக்கா? உங்கள் சினம் பணிய வைக்கப்பட்ட வாரத்துக்கா? சீட்டில் எஞ்சிய 1946, போர் முடிந்து எல்லோரையும் அனுப்பிய ஆண்டும் ஆகலாம், உன்னைப் பொறுக்கி அனுப்பிய ஆண்டும் ஆகலாம். நிலவு இரண்டு வாசலையும் காட்டிவிட்டு மேகத்துள் போய்விட்டது. இங்கே என் கை அற்றது, எந்தாய். இதற்கு மேல் எடுத்துவைக்க ஓர் அடி எனக்கு இல்லை.

கடலில் மாண்டவர்க்கு ஒரு பட்டயம் உண்டு. கடலே கல்லறையான கடற்படையினர் நானூறு பேருக்கு மேல், வணிகக் கப்பல்களில் கரி அள்ளியும் சோறாக்கியும் உழைத்து மூழ்கியவர் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். இவர்கள் பெயர்களை ஏட்டில் எழுதி, ஒரு படி மும்பையிலும் ஒரு படி சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைத்திருக்கிறார்கள். மூழ்கியவர்களுக்கு அந்த ஏடாவது வாய்த்தது. நீ மூழ்காமல் வந்தாய். வந்து நாற்பத்திரண்டு ஆண்டு சாமை விதைத்தாய், மாடு கட்டினாய், எங்களைப் படிக்கவைத்தாய். தொறு மீட்டுப் பட்டவனைப் பாடிய புலவரும், தொறுவோடு வீடு திரும்பி இரவில் உறங்காது கிடந்தவனைப் பாடினாரில்லை.

இந்த மாசியில் கல்தச்சர் ஒருவரை அழைத்துப் போனேன். கொல்லை இப்போது நம்முடையதில்லை. வாங்கியவர் நல்லவர், கல்லை அசைக்கவில்லை. கரையான்புற்று அதன் முதுகில் ஏறியிருந்தது. தச்சர் புற்றைத் தட்டி, ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். “நல்ல கல்லும்மா. என்ன எழுதணும்?” என்றார்.

நான் வாய் திறந்தேன். இன்ன அரசனுக்கு என்று தொடங்கவோ? எந்த அரசன்? இன்ன ஆண்டு என்பதற்கு என்னிடம் இரண்டு ஆண்டு இருந்தன. உன் பெயரை எழுதச் சொல்லலாம். ஆனால் இது நீ இன்னொருவனுக்கு நட்ட கல். அவன் பெயரைத் தெரிந்தவன் நீ ஒருவன். எழுதும் எண்ணம் இருந்திருந்தால் நீயே எழுதியிருப்பாய்.

“எழுத்து வேண்டாங்க” என்றேன்.

“உருவமா? சாமியா, ஆளா?”

கப்பல் என்றேன். அவர் சற்று யோசித்தார். “நான் கப்பலைப் பாத்ததில்லம்மா. எப்பிடி இருக்கும்? தோணி மாதிரியா?” எனக்கும் மங்கிய நிழற்படம் ஒன்றே தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் வரையப் போனேன். இரண்டு கோடு போட்டேன். அது சால்போலத்தான் வந்தது. அழித்துவிட்டேன்.

பழைய கற்களில் வீரன் காலருகே சிமிழும் கெண்டியும் செதுக்கியிருப்பார்கள். அது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து உன் சொம்பை எடுத்தேன். உப்புநீர் தளும்பிற்று. கல்லின் தலையில் ஊற்றினேன். வழிந்து அடிமண்ணில் இறங்கும்வரை தச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“இதை மட்டும் வெட்டுங்க. அடியில, ஒரு ஓரமா.”

அவர் வெறுஞ்சொம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கல்லோடு சாய்த்துவைத்து, ஈரம் காயும் முன்னே, கரித்துண்டால் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்தார்.